எவ்வளவு தெரியும் என்று தெரியுமா?

குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் வினாடி வினாப் போட்டி நடத்தித் தருமாறு ஒருமுறை என்னை அழைத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் வருவதைப் போலவே நடத்த வேண்டும் என்பது மாணவர்களின் விருப்பம். இரண்டு அணிகள். கேள்வியைப் படித்து முடித்ததும் இரண்டு அணிகளும் விடையை ஓர் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். சரியான விடைக்கு 10 மதிப்பெண். தவறான விடைக்கு 5 மதிப்பெண் கழிக்கப்படும். அட்டையில் ஒன்றும் எழுதாமல் விட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

"தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் எது?" என்று கேட்டேன். அரங்கில் சிரிப்பு எழுந்தது. நீலகிரிப் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியா இது! ஓர் அணி 'தொட்டபெட்டா' என்று எழுதி அட்டையை உயர்த்தியது. மற்ற அணியின் தலைவி ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவள் வெற்று அட்டையைக் காட்டினாள். "தெரியவில்லை, சார்" என்றாள். சிரிப்பு இன்னும் பலமாயிற்று.

விடை ஆனைமுடி. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் அதன் உயரம் 2,695 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தமிழ்நாட்டுக்குள்தான் அதற்கு முதலிடம். போட்டியின் முடிவில் அந்த மாணவியின் அணி சரியாக 5 மதிப்பெண் வித்தியாசத்தில் வென்றது.

பிறகு அவளிடம் கேட்டேன். "பாடப் புத்தகத்தில் 'தமிழ்நாட்டின்' என்று படித்தது போல நினைவு, சார். நீங்கள் 'தென்னிந்தியாவின்' என்று கேட்டீர்கள். இடம் பெரிதாகிவிட்டதே, விடையும் மாறியிருக்குமோ என்று பட்டது" என்றாள். ஆனைமுடியின் பெயரை அவள் அதுவரை கேட்டதே இல்லை. இரண்டு அணிகளுக்குமே விடை தெரியாது. ஆனால் தனக்குத் தெரியாது என்பது ஓர் அணிக்குத் தெரிந்திருந்தது.

தொலைக்காட்சி வினாடி வினாக்களில் சிலர் கோடி வரை ஏறுவதும், பலர் பாதியில் விழுவதும் எதனால் என்று எண்ணியதுண்டா? பொது அறிவு மிகுந்தவர் வெல்வார், குறைந்தவர் தோற்பார் என்று விடை சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மறு பாதியைக் கணக்கின் துணையோடு காண்போம்.

நாற்காலியும் ஏணியும்

இந்தியத் தொலைக்காட்சியில் வினாடி வினாவைப் பரவலாக்கியது 1985-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'குவிஸ் டைம்'. அதை நடத்தியவர் சித்தார்த்த பாசு. பிரிட்டனில் 1998-இல் பிறந்த பரிசுப் போட்டி ஒன்றைத் தழுவி, 2000-ஆம் ஆண்டில் அமிதாப் பச்சன் நடத்திய 'கோன் பனேகா குரோர்பதி' வந்தது. தமிழில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்', 2012-இல் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', 2019-இல் ராதிகா சரத்குமார் பெண்களுக்காக நடத்திய 'கோடீஸ்வரி' ஆகியவை இதே வகையின. 'கோடீஸ்வரி'யில் 2020 ஜனவரியில் ஒரு கோடி ரூபாய் வென்றவர் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா. காது கேளாத, வாய் பேச இயலாத அவர், உதட்டசைவைப் படித்தே கேள்விகளை எதிர்கொண்டார்.

இப்போட்டிகளின் அமைப்பை ஓர் ஏணியாகக் கருதலாம். சான்றாக, 15 படிகள் உள்ள ஏணி ஒன்றைக் கொள்வோம். ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி. கேள்விக்கு நான்கு விடைகள். அவற்றுள் ஒன்றே சரி. பத்தாம் படியில் 3,20,000 ரூபாய். அதன் பிறகு 6,40,000, 12,50,000, 25,00,000, 50,00,000, கடைசியில் ஒரு கோடி. பத்தாம் படியைத் தாண்டியவர் பின்னர் தவறினாலும் 3,20,000 ரூபாய் உறுதி. தவறும் முன்பே 'போதும்' என்று நிறுத்தினால், அதுவரை வென்றது முழுவதும் அவருக்கே.

குருட்டு அதிர்ஷ்டம் எவ்வளவு தூரம்?

ஒன்றுமே தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வியில் அவர் தப்பிக்கும் நிகழ்தகவு 1/4. இரண்டு கேள்விகளில் 1/4 × 1/4 = 1/16. பதினைந்து கேள்விகளிலும் தப்ப வேண்டுமானால் 1/4 என்பதைப் பதினைந்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 107 கோடியில் ஒன்று! இந்தியர் அனைவரையும் வரிசையாக உட்கார வைத்துக் கண்ணை மூடிச் சொல்லச் சொன்னால், சராசரியாக ஒருவரோ இருவரோ உச்சியைத் தொடுவர். ஆகவே மேலே போனவரை 'அதிர்ஷ்டக்காரர்' என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது சரியன்று.

இனி மறுபக்கம். நன்கு படித்த ஒருவர், ஒவ்வொரு கேள்விக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லக்கூடியவர். அவர் உச்சியை அடையும் நிகழ்தகவு என்ன? 0.9 என்பதைப் பதினைந்து முறை பெருக்கினால் 0.206. ஐந்தில் ஒரு பங்குதான்! நூற்றுக்கு 95 சரியாகச் சொல்பவருக்கும் 0.46, பாதிகூட இல்லை. கடைசிக் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். அறிவாளிகள் பலர் நடுவழியில் விழுவதில் வியப்பில்லை. சிறு ஐயங்கள் ஒன்றோடொன்று பெருகும்போது பெரும் பள்ளமாகிவிடுகின்றன.

விரலின் வேகம்

நாற்காலியில் அமரும் முன்பே ஒரு வடிகட்டல் உண்டு. நான்கு பெயர்களை வரிசைப்படுத்தி, பொத்தான்களை விரைவாக அழுத்த வேண்டும். நான்கு பொருள்களை 4 × 3 × 2 × 1 = 24 விதமாக வரிசைப்படுத்தலாம். எனவே ஊகித்து அழுத்துபவருக்கு 24-இல் ஒரு வாய்ப்பே உண்டு. விடை தெரிந்த பலருக்குள் வேகமானவர் வெல்வார்.

உங்கள் வேகத்தை வீட்டிலேயே அளக்கலாம். நண்பர் ஒருவர் 30 சென்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் அடிமுனையில், தொடாமல், உங்கள் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். அளவுகோல் விழுந்த தூரம் h என்றால், h = ½gt². தூரம் 20 சென்டிமீட்டர் என்றால் நேரம் ஏறத்தாழ 0.2 வினாடி. பெரும்பாலோருக்கு இதை ஒட்டியே வரும். பயிற்சியால் இதில் சிறிதளவே குறைக்க முடியும். ஆகவே பொத்தானில் முந்துபவர் விரலால் மட்டும் முந்துவதில்லை. 'எனக்குத் தெரியும்' என்ற முடிவுக்கு அவர் மனம் விரைந்து வருகிறது.

அரங்கத்தைக் கேட்கலாமா?

தடுமாறும் போட்டியாளருக்குச் சில உதவிகள் உண்டு. அவற்றுள் ஒன்று அரங்கத்தில் இருப்போரின் வாக்கெடுப்பு. வந்திருப்பவர்கள் மேதைகள் அல்லர். பிறகு எப்படி அவர்கள் விடை பயன்படுகிறது?

நூறு பேரில் 12 பேருக்கே விடை தெரியும் என்று கொள்வோம். மற்ற 88 பேரும் ஊகிக்கிறார்கள். ஊகம் என்பதால் அவர்கள் நான்கு விடைகளுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிவர். விடைக்கு 22 பேர். சரியான விடைக்கோ 22 + 12 = 34 வாக்குகள். தெரிந்தவர் மிகச் சிலராக இருந்தும் சரியான விடை தனித்து உயர்ந்து நிற்கிறது!

உதகைக்கு அருகே முத்தோரையில் 1970-இல் நிறுவப்பட்ட ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருக்கிறீர்களா? 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டு அறிவியலாளர்கள் வடிவமைத்தது. அதன் குவியக்கோட்டில் 1,056 இருமுனை ஏற்பிகள் வரிசையாக அமைந்துள்ளன. விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் சமிக்ஞை மிக மெலிந்தது. கருவிகளின் இரைச்சலோ பெரிது. ஆயினும் ஆயிரம் ஏற்பிகளின் வெளியீட்டை ஒழுங்காகக் கூட்டினால் சமிக்ஞை ஆயிரம் மடங்காகிறது. தாறுமாறான இரைச்சல் ஆயிரத்தின் வர்க்கமூலமாகிய சுமார் 32 மடங்கே ஆகிறது. ஒன்றின் ஏற்றத்தை மற்றொன்றின் இறக்கம் அழித்துவிடுகிறது. அரங்கத்திலும் இதே விந்தைதான். தெரிந்தவர் சமிக்ஞை, ஊகிப்பவர் இரைச்சல்.

1906-இல் பிரிட்டனின் பிளிமத் நகரில் நடந்த கண்காட்சி ஒன்றில், ஒரு மாட்டின் இறைச்சி எவ்வளவு எடை தேறும் என்று மக்களைக் கணிக்கச் சொன்னார்கள். 787 சீட்டுகளைப் பிரான்சிஸ் கால்டன் என்னும் அறிவியலாளர் ஆராய்ந்தார். கணிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கியபோது நடுவில் நின்றது 1,207 ராத்தல். உண்மை எடை 1,198 ராத்தல். பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! ஜேம்ஸ் சுரோவெக்கி 2004-இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கக் கோடீஸ்வரப் போட்டியில் அரங்கம் நூற்றுக்கு 91 முறை சரியாகச் சொன்னதாகவும், தொலைபேசியில் கேட்கப்பட்ட நண்பர் ஏறத்தாழ 65 முறையே சரியாகச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்.

ஆனால் எச்சரிக்கை! ஊகங்கள் தாறுமாறாகச் சிதறினால்தான் இந்தக் கணக்குச் செல்லும். எல்லோரும் ஒரே திசையில் தவறினால் கூட்டக் கூட்டத் தவறே வளரும். குன்னூர்ப் பள்ளியில் அன்று வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் தொட்டபெட்டாவுக்குத்தான் வாக்குகள் குவிந்திருக்கும். எனவே அரங்கத்தைக் கேட்கும் முன், 'இது எல்லோரும் ஏமாறக்கூடிய கேள்வியா?' என்று ஒருமுறை எண்ண வேண்டும்.

அரைகுறை அறிவின் பயன்

2011-ஆம் ஆண்டு 'கோன் பனேகா குரோர்பதி'யில் ஐந்து கோடி ரூபாய் வென்றவர் பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார். அவருக்கு வந்த இறுதிக் கேள்வி இது: 1868 அக்டோபர் 18 அன்று நிக்கோபார் தீவுகளின் உரிமையைப் பிரிட்டனுக்கு விற்று, இந்தியாவில் தன் தொடர்பை முடித்துக்கொண்ட காலனி நாடு எது? பெல்ஜியம், இத்தாலி, டென்மார்க், பிரான்ஸ் என்று நான்கு விடைகள்.

நிக்கோபார் விற்பனையைப் பற்றி நீங்கள் படித்திராமல் இருக்கலாம். ஆயினும் முயன்று பாருங்கள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் 1954 வரை இருந்தது. ஆகவே 1868-இல் தொடர்பை முடித்தது பிரான்ஸ் அன்று. மூன்று மிஞ்சின. தரங்கம்பாடிக் கோட்டையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1620-இல் அங்கே குடியேறியவர்கள் டென்மார்க் நாட்டவர். 1845-இல் அதைப் பிரிட்டனுக்கு விற்றவர்களும் அவர்களே. பெல்ஜியத்துக்கோ இத்தாலிக்கோ இந்தியாவில் இப்படிக் கோட்டை இருந்ததாக நாம் படித்ததில்லை. இப்போது டென்மார்க் என்னும் விடைக்கு நிகழ்தகவு 1/4 என்பதிலிருந்து எவ்வளவு உயர்ந்துவிட்டது! சரியான விடையும் அதுவே.

விடையை மனப்பாடம் செய்யாதவரும், தெரிந்தவற்றை ஒன்றோடொன்று கோத்து விடையை நெருங்கலாம். ஆனால் எவ்வளவு நெருங்கினோம் என்பதை நேர்மையாக அளக்க வேண்டும். அடுத்த முடிவுக்கு அந்த அளவுதான் தேவை.

நிற்பதா, தொடர்வதா?

பன்னிரண்டாம் படியில் நிற்கிறீர்கள். கையில் 12.5 லட்சம். அடுத்த விடை சரியானால் 25 லட்சம், தவறானால் 3.2 லட்சம். இரண்டு விடைகளை விலக்கிவிட்டீர்கள். மற்ற இரண்டில் எது என்று தெரியவில்லை. நிகழ்தகவு பாதிக்குப் பாதி. என்ன செய்வீர்கள்?

சராசரி எடுப்போம். (25 + 3.2) ÷ 2 = 14.1 லட்சம். நிறுத்தினால் கிடைப்பதைவிட இது 1.6 லட்சம் அதிகம். நிகழ்தகவு நூற்றுக்கு 43-க்கு மேல் இருந்தாலே சராசரி தொடரச் சொல்கிறது. அப்படியிருந்தும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் அமர்ந்து பார்க்கும் நாம் 'பயந்துவிட்டார்' என்கிறோம்.

அவர் செய்தது தவறா? சராசரி என்பது ஆயிரம் முறை ஆடுபவருக்கு உரிய கணக்கு. போட்டியாளரோ வாழ்நாளில் ஒரே முறை அந்த நாற்காலியில் அமர்கிறார். 1738-இல் டேனியல் பெர்னூலி என்னும் கணித அறிஞர் இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னார். கூடுதலாகக் கிடைக்கும் ஒரு ரூபாயின் பயன், ஏற்கெனவே கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார் அவர். அவர் முறைப்படி, பாதிக்குப் பாதி நிலையில் இரு முடிவுகளையும் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. சேமிப்பையும் சேர்த்துப் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குடும்பம். சேமிப்பு ஒரு லட்சம் என்று கொள்வோம். வென்றால் மொத்தம் 26 லட்சம், தோற்றால் 4.2 லட்சம். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 10.4 லட்சம். நிறுத்தினாலோ 13.5 லட்சம். ஆகவே நிற்பதே அறிவுடைமை. சேமிப்பு ஒரு கோடி உள்ள ஒருவருக்கு இதே கேள்வி வந்தால்? வென்றால் 125 லட்சம், தோற்றால் 103.2 லட்சம். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 113.6 லட்சம். நிறுத்தினால் 112.5 லட்சம். அவர் தொடரலாம்! கேள்வி ஒன்றே, அறிவும் ஒன்றே. ஆனால் சரியான முடிவு ஆளுக்கு ஆள் வேறு. இனி ஒருவர் பாதியில் எழுந்து போவதைப் பார்த்தால் கோழை என்று சொல்லிவிடாதீர்கள்.

ஐந்து வினாக்குறிகள்

2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் 'ஜெபர்டி' என்னும் வினாடி வினாவில் வாட்சன் என்ற கணினி கலந்துகொண்டது. எதிரே கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர் என்னும் இரு பெரும் வெற்றியாளர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் வாட்சன் தன் விடையுடன், அது சரியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையும் கணக்கிட்டது. வாய்ப்பு போதாதென்றால் பொத்தானை அழுத்தாது.

முதல் ஆட்டத்தின் இறுதிக் கேள்வி அமெரிக்க நகரம் ஒன்றைப் பற்றியது. சரியான விடை சிகாகோ. வாட்சன் எழுதியதோ, கனடா நாட்டு டொராண்டோ! பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் டொராண்டோ என்பதற்குப் பக்கத்தில் ஐந்து வினாக்குறிகள் இருந்தன. கையில் 36,000 டாலருக்கு மேல் இருந்தும், அந்த விடையின் மீது அது பணயம் வைத்தது வெறும் 947 டாலர். விடை தவறியது, ஐயம் தவறவில்லை. முடிவில் வாட்சன் பெற்றது 77,147 டாலர். ஜென்னிங்ஸ் 24,000, ரட்டர் 21,600.

அந்த ஐந்து வினாக்குறிகளும் குன்னூர் மாணவி காட்டிய வெற்று அட்டையும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அவள் போட்டியின் கணக்கைப் பாருங்கள். சரிக்கு 10, தவறுக்கு 5 இழப்பு. நிகழ்தகவு p என்றால், 10p − 5(1 − p) என்பது சுழியைவிட மிகுதியாக இருக்க வேண்டும். அதாவது p மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் எழுதலாம். குறைந்தால் விட்டுவிடுவதே மேல். இந்தச் சமன்பாட்டை அவள் போடவில்லை. தன் ஐயத்தை மறைக்காமல் மதித்தாள், அவ்வளவுதான்.

நீங்கள் நாளை எழுதவிருக்கும் நுழைவுத் தேர்வுகளிலும் இதே கணக்கு வரும். நீட் தேர்வில் சரிக்கு 4, தவறுக்கு 1 இழப்பு. அங்கே எல்லைக்கோடு ஐந்தில் ஒன்று. நான்கு விடைகளில் ஒன்றை உறுதியாக விலக்க முடிந்தாலே சராசரியில் 2/3 மதிப்பெண் ஆதாயம். விதி மாறினால் எல்லையும் மாறும். எனவே விதியை முதலில் படியுங்கள்.

இன்றே ஒரு சோதனை தொடங்கலாம். வகுப்பில் இருபது கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில், அது சரி என்று நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதை எழுதுங்கள்: 50, 75, 100. பிறகு திருத்துங்கள். 75 என்று குறித்தவற்றில் நான்கில் மூன்று சரியாக வந்தனவா? 100 என்று குறித்தவற்றில் எத்தனை தவறின? முதல் முறை உங்களுக்கு அதிர்ச்சியாகவே இருக்கும். ஒரு மாதம் விடாமல் செய்து வாருங்கள். உங்கள் அறிவு எவ்வளவு வளர்ந்தது என்பதோடு, உங்கள் அறிவைப் பற்றிய உங்கள் கணிப்பு எவ்வளவு திருந்தியது என்பதும் அந்த ஏட்டில் தெரியும்.

அன்று தொட்டபெட்டா என்று எழுதிய அணியினர் போட்டி முடிந்ததும் அந்த மாணவியைச் சூழ்ந்துகொண்டு, "ஆனைமுடி எங்கே இருக்கிறது?" என்று கேட்டனர். "எனக்கும் இப்போதுதான் தெரியும், வாருங்கள் பார்ப்போம்" என்று அவள் அவர்களைச் சுவரில் தொங்கிய வரைபடத்தின் அருகே அழைத்துச் சென்றாள்.